தலை, பூ, விளிம்பு

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து சாரல். மாடியில் போட்ட துணி மூன்று நாளாக ஈரம். நாணயப் பெட்டிகளில் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை மாற்ற வேண்டும். குற்றாலச் சீசன் வந்தாலே இது ஒரு வேலை.

சனிக்கிழமை திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததை இன்றுதான் எழுத முடிகிறது. வலது கண்ணில் நடுப்பார்வை போயாயிற்று. இடது கண், டாக்டர் சொன்னபடி, "ஒரு வருஷம்னு வச்சுக்கோங்க. கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம்." ஓரப் பார்வை மிஞ்சுமாம். அதாவது நடப்பேன், முட்டிக்கொள்ள மாட்டேன். எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் தெரியாது. ஆளைப் பார்த்தால் காது தெரியும், முகம் தெரியாது. நாணயத்தில் விளிம்பு தெரியும், ராஜா தெரியாது.

திரும்பும்போது பஸ்ஸில் வீட்டுக்காரர் பக்கத்தில். ஆலங்குளம் தாண்டியபிறகு கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம். பஸ்ஸில் கை பிடித்தது இதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம்தான் வந்தது. கண் போனால்தான் கையா.

இதை டைப் அடிப்பது லேப்டாப்பில். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு வரிக்கு நாலே வார்த்தை.

கையில் இருப்பது: 1,140 நாணயம். பாதி, இலஞ்சி தபால் ஆபீஸ் கவுண்டரில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்து, வந்ததில் நல்லதைப் பார்த்து என் காசைப் போட்டு மாற்றிக்கொண்டது. மீதி, தேடிப் போய் வாங்கியது, கேட்டு வாங்கியது, செங்கோட்டைப் பக்கம் பழைய வீடுகளில் கிடந்த திருவிதாங்கூர்க் காசுகள். பட்டியல் நாலு நீள நோட்டில். என் கையெழுத்து. அதை என்னால் இப்போது வாசிக்க முடியாது.

முடிவு: இடது கண் இருக்கும்போதே எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. அதற்கு ஒரு மென்பொருள். என்னென்ன வேண்டும்:

— படம் எடுக்காமலும் ஒரு நாணயத்தைச் சேர்க்க முடிய வேண்டும்
— தமிழில் எழுத
— நெட் இல்லாமல் ஓட
— எடை, விட்டம், விளிம்பு மூன்றுக்கும் தனிக் கட்டம்
— பட்டியல் என்னுடையது. கேட்டால் வெளியே எடுத்துத் தர வேண்டும்

மத்தியானம் தம்பி சங்கரன் போன். பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை. எதையும் மூட்டையாகப் பார்ப்பவன்.

"அக்கா, கண்ணு இருக்கும்போதே தள்ளிரு. மதுரையில ஒருத்தர் மொத்தமா எடுக்காரு. பார்க்க முடியாத பொருளை வச்சு என்ன செய்யப் போறே?"

"தொட்டுப் பார்ப்பேன்."

"என்னத்தத் தொட்டு."

வைத்துவிட்டேன். கத்தரிக்காய் வாங்க மறந்துபோயிற்று.


ஜூன் 11, புதன்

முதல் சோதனை. போன் ஆப். படம் எடுத்தால் நாணயத்தை அதுவே கண்டுபிடிக்குமாம். திருவிதாங்கூர் நாலு காசை வைத்தேன், சங்கு போட்டது. "உலோகப் பொத்தான்" என்றது. திருப்பி வைத்தேன். கேள்விப்படாத ஒரு தீவின் பெயரைச் சொன்னது.

எடைக்குக் கட்டம் இல்லை. ஆனால் மேலே கொட்டை எழுத்தில் மொத்த மதிப்பு. ஒவ்வொரு நாணயத்துக்கும் ஏறுகிறது.

அவர் (என் வீட்டுக்காரர் கோமதிநாயகம், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர்) தோளுக்குப் பின்னால் நின்று, "தொகை ஏறிக்கிட்டே இருக்கு வடிவு. அந்தப் பொத்தானுக்கும் சேர்த்துப் போட்டிருக்கான்."

முப்பதாவது நாணயத்தோடு நின்றுவிட்டது. மாதச் சந்தா கட்டினால் மேலே போகலாம். அதுவரை ஏற்றிய முப்பதையும் வெளியே எடுக்கவும் சந்தா. அழித்துவிட்டேன். முப்பது நாணயத்தோடு புத்தி வந்தது.


ஜூன் 14, சனி

வெயிலும் சாரலும் மாறி மாறி. சொல்லாமல் கொள்ளாமல் சங்கரன் அந்த மதுரை வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். பெயர் ராஜமாணிக்கம். இனிமையான குரல். செண்டு வாசனை. முகம் தெரியவில்லை.

வந்ததிலிருந்து என் வீட்டுக்காரரிடம்தான் பேச்சு. "சார், ஒத்தை ஒத்தையா பார்த்தா நாளாகும். வெள்ளியைத் தனியா, மத்ததைத் தனியா எடைக்குப் போட்டுடலாம்."

"நாணயம் என்னுது. எங்கிட்டப் பேசுங்க" என்றேன்.

"அம்மா ரெஸ்ட் எடுக்கட்டும்னுதான்."

உட்கார்ந்த இடத்தில் பெட்டியில் கைவிட்டு, எடுத்து எடுத்துச் சொன்னேன். சதுரம், அஞ்சு பைசா. ஆறு மூலை, மூணு பைசா. பூ மாதிரி விளிம்பு, பத்து பைசா. பதினொரு பக்கம், ரெண்டு ரூபாய். நடுவில் ஓட்டை, காலணா. நம் ஊரில் நாணயம் அடித்தவர்கள் கண் தெரியாதவரை நினைத்துத்தான் அடித்தார்களோ என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம்.

ராஜமாணிக்கம் கை தட்டினார். குழந்தை பாட்டுப் பாடினால் தட்டுவார்களே, அப்படி.

வீட்டுக்காரர் காபி போட உள்ளே. சங்கரன் வாசலில் போனில், "ஏலே, தக்காளி லோடு எங்கன நிக்கி?" அந்த நேரம் வியாபாரி வெள்ளி ரூபாய் மூன்றை உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். எனக்குத் தெரிந்தது அவர் முழங்கை. பிறகு திரும்ப வைத்தார்.

விற்பதற்கில்லை என்று சொல்லி அனுப்பினேன். சங்கரனுக்கு வருத்தம். "அவரு அவ்வளவு தூரத்திலேர்ந்து வந்திருக்காரு. நீ வித்தை காட்டிட்டு அனுப்புதே."


ஜூன் 15, ஞாயிறு

மும்தாஜ் டீச்சர் வந்தார். இலஞ்சியில் சமூக அறிவியல் டீச்சர். பிறந்ததிலிருந்து பார்வை கிடையாது. என் கவுண்டருக்கு இருபது வருஷம் வந்தவர். போன வாரம் போனில் விஷயத்தைச் சொல்லியிருந்தேன்.

செருப்பைக் கழற்றும்போதே, "அக்கா, அழுதீங்கன்னா நான் இப்படியே திரும்பிப் போயிருவேன்."

"அழலை."

"நல்லது. கம்ப்யூட்டரைத் தொறங்க."

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை ஏற்றிக் கொடுத்தார். இலவசம். தமிழும் வாசிக்கிறது, மூக்கடைத்த மாதிரி. என் பெயரை "சண்முகவடிவு" என்று அடித்தால் யாரோ வெளியூர்க்காரி பெயர் மாதிரிச் சொல்கிறது. பிறகு திரை வெளிச்சத்தை முழுக்கக் குறைக்கச் சொன்னார். "இனிமே இப்படித்தான் பழகணும். பாதி கண்ணால பார்த்துப் பார்த்துப் பழகுனீங்கன்னா ரெண்டும் வராது."

இரண்டாவது சோதனை. நாணயம் சேர்ப்பவர்களுக்கென்றே விலைக்கு விற்கும் மென்பொருள், ஒரு மாதம் இலவசம். அழகு என்று வீட்டுக்காரர் சொன்னார். தோல் அட்டை ஆல்பம் மாதிரியே இருக்கிறதாம். விசைப்பலகையில் தட்டிக்கொண்டே போனோம். "பட்டன். பட்டன். படம். பட்டன். பட்டன்." எந்தப் பட்டன் என்று கடைசி வரை சொல்லவில்லை.

மும்தாஜ்: "நல்ல மாப்பிள்ளை. சட்டையெல்லாம் சரியா இருக்கு. வாய்தான் பேச மாட்டேங்கான்."

பட்டியலில் ஆறாவது சேர்த்தேன்: வாசித்துச் சொல்ல வேண்டும். உண்மையில் இதுதான் முதலாவது.

அதன் பிறகு எங்களுக்குள் சண்டை. எக்செல் போதும் என்கிறார். கட்டம் கட்டமாக இருக்கும், எல்லாம் வாசிக்கும், யாரையும் கெஞ்ச வேண்டாம். சரிதான். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் கட்டத்தில்தான் எழுதினேன். கண் உள்ளவர்களுக்கு ஆல்பம், எனக்குக் கணக்குத் தாளா.

"வறட்டு ரோசம்" என்றார்.

"ரோசந்தான்."

"அப்ப சரி. தேடுவோம்."


ஜூன் 18, புதன்

அந்த அழகு மென்பொருள் கம்பெனிக்கு எழுதியிருந்தேன். பட்டன்களுக்குப் பெயர் வைத்தால் போதும், விலை கொடுத்து வாங்குகிறேன் என்று. பதில் வந்தது. நன்றி, வணக்கமெல்லாம் போட்டு: எங்கள் தயாரிப்பு பார்வை சார்ந்த பொழுதுபோக்குக்கானது.

வீட்டுக்காரரை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். பார்வை சார்ந்த பொழுதுபோக்கு. இரண்டாவது தடவை அவர் குரல் கிரவுண்டில் கேட்கிற மாதிரி ஏறிவிட்டது. பக்கத்து வீட்டில் யாரோ என்ன சார் என்று கேட்டார்கள்.

மூன்றாவது சோதனை. இலவசம். ஏதோ குளிர் தேசத்தில் ஒருவர் வேலை முடிந்து வந்த நேரத்தில் செய்துகொண்டே இருப்பது. பார்க்க லட்சணமில்லை, சாம்பல் நிறம் என்றார் இவர். எனக்கென்ன நிறம். தட்டிப் பார்த்தேன். நாடு என்கிறது. ஆண்டு என்கிறது. உலோகம், எடை, விட்டம், எல்லாம் வாயைத் திறந்து சொல்கிறது. நெட் வேண்டாம். தமிழில் அடித்தால் அடித்தபடி நிற்கிறது. பட்டியலைக் கேட்டால் கொடுக்கிறது. படம் போடாவிட்டால் கோபித்துக்கொள்ளவில்லை.

இரண்டே குறை. விளிம்பு என்ற கட்டத்திலும் நிலை என்ற கட்டத்திலும் வந்ததும் ஊமையாகிவிடுகிறது. விளிம்பு இல்லாமல் நான் என்ன செய்ய.

செய்தவருக்கு மெயில் எழுதினேன். ஆங்கிலத்தை மும்தாஜ் திருத்தினார். நான் "தயவுசெய்து" என்று மூன்று இடத்தில் போட்டிருந்தேன். இரண்டை எடுத்துவிட்டார்.


ஜூன் 22, ஞாயிறு

நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

பதில் வராவிட்டாலும் ஐம்பது நாணயம் ஏற்றிப் பார்ப்போம் என்று காலையில் உட்கார்ந்தோம். முறை இது. அவர் நோட்டை வாசிப்பார். நான் நாணயத்தை எடுத்துத் தடவி, தராசில் வைத்து (நகைக்கடைச் சின்னத் தராசு, எடையை அவர் சொல்வார்), டைப் அடிப்பேன். மென்பொருள் திரும்ப வாசிக்கும். மணிக்குப் பன்னிரண்டு நாணயம்.

பதினோரு மணிக்கு வெள்ளி ரூபாய்கள். நோட்டில் உள்ளபடி அவர் வாசித்தார்: "ஒரு ரூபாய், ஐந்தாம் ஜார்ஜ், 1913. எடை பதினொன்று புள்ளி ஆறு. விளிம்பில் நகம் பதிகிற அளவு ஒரு வெட்டு. பாப்பா கொடுத்தது."

பாப்பா என்னோடு வேலை பார்த்தவள். வாசுதேவநல்லூர்க்காரி. மாற்றலாகிப் போனபோது கொடுத்தது.

கையில் எடுத்ததுமே சரியில்லை. வெட்டைத் தேடினேன். இல்லை. சுற்றிச் சுற்றி மூன்று தடவை தேடினேன். விளிம்பு வரிகள் மழுங்கல், மெழுகு மாதிரி. தராசில் வைத்தேன். பத்து புள்ளி மூன்று என்றார்.

அடுக்களைக் கடப்பாக் கல்லில் போட்டேன். வெள்ளி ரூபாய் கீழே விழுந்தால் ஒரு நீட்டு மணிச் சத்தம் இருக்கும். இது டொக் என்றது. மற்ற இரண்டையும் போட்டேன், இரண்டும் பாடின. மறுபடி இதைப் போட்டேன். டொக்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அன்னைக்கு நான் காபி போடப் போயிருக்கக் கூடாது."

காபி போட்டதில் என்ன தப்பு. பன்னிரண்டாம் தேதி அந்தப் பெட்டியை நானே துடைத்து வைத்தேன். மூன்று ரூபாயையும் தொட்டேன். பதினாலாம் தேதி அந்த ஆள். அதன் பிறகு யாரும் திறக்கவில்லை.

சாப்பிடப் பிடிக்கவில்லை. சாப்பிட்டேன்.


ஜூன் 23, திங்கள்

சங்கரனைக் கூப்பிட்டுச் சொன்னேன். நேரில் வந்தான்.

"அவரு பெரிய வியாபாரி அக்கா. ஒத்த ரூபாய்க்கு இப்படிச் செய்வாரா? நீயே எங்கயாவது மாத்தி வச்சிருப்பே. கண்ணு சரியில்லாதப்போ எடுத்திருப்பே, வேற ஒண்ணு வந்திருக்கும்."

"எங்கிட்டப் போலியே கிடையாதுலே. எதோட மாத்தி வைக்க?"

"எனக்கென்ன தெரியும்."

"சரி, அவருக்குப் போன் போட்டுக் கேளு."

"நான் எப்படிக் கேக்க? ஆளு முகத்தில முழிக்கணும்லா."

"எனக்கு அந்தக் கஷ்டம் இல்ல. நம்பரைக் கொடு."

கொடுத்தான். போட்டேன். ராஜமாணிக்கம் அதே இனிமையான குரலில், "அம்மாவுக்கு ஏதோ குழப்பம்" என்றார். கண்ணுக்கு நல்ல டாக்டர் ஒருவர் மதுரையில் இருப்பதாகவும் சொன்னார்.

நோட்டில் எழுதியிருப்பது சாட்சி ஆகுமா என்று தெரிந்த வக்கீலிடம் வீட்டுக்காரர் கேட்டுப் பார்த்தார். கையெழுத்து உங்களது, எப்போது வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம் என்பார்கள் என்றாராம். ஆகாது.

இன்று ஒரு நாணயமும் ஏற்றவில்லை. மழை. பக்கத்து வீட்டில் நேந்திரங்காய் வறுக்கும் வாசனை.


ஜூன் 27, வெள்ளி

மெயிலுக்குப் பதில். முதலில் நம்பவில்லை, இரண்டு தடவை வாசிக்க விட்டேன்.

குளிர் தேசத்துக்காரர் எழுதியிருக்கிறார்: இத்தனை வருஷத்தில் கேட்டு வாசிப்பவர் ஒருவர் என் மென்பொருளைப் பயன்படுத்துவார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மன்னிக்கவும். இரண்டு கட்டங்களையும் சரிசெய்துவிட்டேன். சோதித்துச் சொல்வீர்களா. கூடவே, விருப்பமிருந்தால் கட்டங்களுக்கும் பட்டன்களுக்கும் தமிழ்ப் பெயர்கள் கொடுத்தால் தமிழிலும் வரும்படி செய்யலாம். மொத்தம் முன்னூற்றுச் சொச்சம் சொற்கள்.

விருப்பமிருந்தால் என்ன விருப்பமிருந்தால்.

சாயங்காலமே மும்தாஜ் வீட்டில் ஆரம்பித்தோம். நாணயத்தின் இரண்டு பக்கத்துக்கும் என்ன சொல்வது என்பதில் முதல் தகராறு. முன்பக்கம், பின்பக்கம் என்றார் அவர்.

"எது முன், எது பின்னு தடவிப் பார்த்துச் சொல்லுங்க பாப்போம்."

"அப்ப என்ன போட?"

"தலை, பூ. சின்னப் பிள்ளையிலேர்ந்து சுண்டிப் போட்டு அதத்தானே சொல்லுதோம்."

முதலில் முடிந்த சொற்களை அனுப்பிவிட்டோம். ஒரு மணி நேரத்தில் கேள்வி வந்தது: தலை புரிகிறது. மற்றது ஏன் பூ? எங்கள் நாணயங்களில் பூ இல்லையே. எங்கள் நாணயத்திலும் எப்போதும் இல்லை, ஆனாலும் பூதான் என்று எழுதினேன். சரி என்று விட்டுவிட்டார்.


ஜூலை 3, வியாழன்

புதிய பதிப்பு. விளிம்பு பேசுகிறது. நிலை பேசுகிறது. இதைத்தான் எடுத்துக்கொண்டேன், தேடல் முடிந்தது. மும்தாஜும் ஒப்புக்கொண்டார், ஒரு பேச்சுக்கு: "எக்செல்லை விட ஒரு நூல் மேல."

நேற்றுவரை 160. நோட்டு வாசித்து வாசித்து வீட்டுக்காரருக்குக் குரல் கட்டிவிட்டது, மிளகுப் பால்.

நிலை என்ற கட்டத்தில் தேர்ந்தெடுக்க ஐந்து: இருக்கிறது, கொடுத்தது, விற்றது, தேவை, காணவில்லை. பாப்பா கொடுத்த ரூபாய் நோட்டில் 87ஆம் எண். அதற்குக் காணவில்லையைத் தேர்ந்தெடுத்தேன். குறிப்பில் இப்படி எழுதினேன். நிதானமாக யோசித்து எழுதியது:

"1913 ரூபாய். எடை 11.6. விளிம்பில் வெட்டு உண்டு. ஜூன் 12 அன்று இருந்தது. ஜூன் 14 அன்று மதுரை வியாபாரி ராஜமாணிக்கம் உறையிலிருந்து எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்தார். ஜூன் 22 அன்று உறையில் இருந்தது வேறு. எடை 10.3. வெட்டு இல்லை."

திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். மூக்கடைத்த குரல். எந்த உணர்ச்சியும் இல்லாமல் வாசித்தது. நன்றாக இருந்தது.

இதற்கிடையில் நாணயச் சங்கச் செயலாளர் அண்ணாச்சி போன். பதிமூன்றாம் தேதி குற்றாலத்தில் கல்யாண மண்டபத்தில் கண்காட்சி. அதில் எனக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்க ஆசையாம்.

"என்னத்துக்கு அண்ணாச்சி?"

"கண்ணு இப்படி ஆன பிறகும் நீ விடாம..."

"பொன்னாடை வேண்டாம். ஒரு மேசை கொடுங்க."

இத்தனை வருஷம் சங்கத்தில் சந்தா கட்டுகிறேன். மேசை கேட்டது இதுதான் முதல் தடவை. அவராகக் கொடுத்ததும் இல்லை. மேசைக்காரர்கள் பட்டியலை முன்கூட்டியே அனுப்ப வேண்டுமாம். அனுப்புகிறேன் என்றேன்.


ஜூலை 10, வியாழன்

செயலாளர் அண்ணாச்சி வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் நான் அனுப்பிய பட்டியலின் பிரிண்ட். குடை நனைந்து தரையெல்லாம் தண்ணீர். உட்காரவில்லை.

"தாயி, எண்பத்தேழாம் நம்பர்."

"ஆமா."

"அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துரு. அந்தாளு நம்ம கண்காட்சிக்கு மூணு மேசை எடுத்திருக்காரு. வெளியூர் ஆளுங்க வருதாங்க. நல்லா இருக்காது."

"திருடினாருன்னு நான் எழுதலையே அண்ணாச்சி. பார்த்தாருன்னுதான் எழுதியிருக்கேன்."

"வாசிக்கிறவனுக்குப் புரியுமே."

"புரியட்டும்."

"நிரூபிக்க முடியுமா ஒன்னால?"

"முடியாது. அதனாலதான் தெரிஞ்சதை மட்டும் எழுதியிருக்கேன். தெரியாததை ஒரு எழுத்து எழுதலை."

குடையிலிருந்து சொட்டும் சத்தம். "அப்ப மேசை கிடையாதுன்னு சொல்ல வேண்டி வரும்."

"சொல்லுங்க. மண்டபத்துக்கு வெளியே ரம்புட்டான் விக்காங்கல்லா, அங்கன உக்காருதேன்."

வீட்டுக்காரர் உள்ளேயிருந்து: "ரெண்டு ஸ்டூல் நான் தூக்கிட்டு வருதேன்."

அண்ணாச்சி போய்விட்டார். காபி குடிக்கவில்லை. பிறகு 201 முதல் 214 வரை ஏற்றினோம்.


ஜூலை 13, ஞாயிறு

குற்றாலம். அருவியில் நல்ல தண்ணீர், கூட்டம், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்க வழியில்லை. ஈரத் துண்டோடு ஆட்கள். என்னை இடிக்காதவர்கள் குறைவு.

மேசை இருந்தது. கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், கடைசி மூலை. பரவாயில்லை. சாப்பிட்டுக் கை கழுவ வருகிறவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மற்ற மேசைகளிலெல்லாம் தொடாதீர்கள் என்று போர்டு. என் மேசைக்கு அவர் கொட்டை எழுத்தில் எழுதிக் கொண்டுவந்தது: தொடுங்கள். சில்லறையாகப் புழங்கிய நாற்பது நாணயம், ஒரு துணிப்பை, உள்ளே கையை விட்டு எடுத்துச் சொல்ல வேண்டும். மும்தாஜ் நடத்தினார், வகுப்பு மாதிரி. "கண்ணைத் தொறந்தா வெளிய அனுப்பிருவேன்." சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் அரைமணி நேரம் நகரவில்லை. பட்டியல் பக்கத்திலேயே, நூல் கோத்து, யாரும் புரட்டலாம்.

செயலாளர் மைக்கில் "பார்வையிழந்த சகோதரி" என்று ஆரம்பித்தார். வீட்டுக்காரர் போய்க் காதில் ஏதோ சொன்னார். "நமது உறுப்பினர் சண்முகவடிவு" என்று மாற்றிவிட்டார். என்ன சொன்னீர்கள் என்றால் சொல்ல மாட்டேன் என்கிறார்.

பன்னிரண்டு மணி இருக்கும். புரட்டிக்கொண்டிருந்த ஒருவர் நின்றுவிட்டார். கடையநல்லூர்க்காரர், நடுவயதுக் குரல். "எண்பத்தேழு... இவரு எங்க வீட்டுக்கும் வந்தாரும்மா. அத்தா மௌத்தாகி அடக்கம் பண்ணின மறு வாரம். எங்களுக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாத்தையும் எடுத்து முன்னால வச்சோம்." போய் இன்னொருவரைக் கூட்டி வந்து அந்தப் பக்கத்தைக் காட்டினார்.

பிறகு செண்டு வாசனை.

"அம்மா, இது நல்லாயில்ல."

"எங்கிட்டயா பேசுதீங்க?"

"உங்ககிட்டதான்."

"அன்னைக்கே பேசியிருக்கலாம்."

குரலைத் தாழ்த்தினார். "ஒரு வெள்ளி ரூபாய்தானே. பெரிய விஷயமில்ல. வேற ஒண்ணு தர்றேன், அந்தத் தாளைக் கிழிச்சுடுங்க." மேசைமேல் ஏதோ வைக்கிற சத்தம். எடுத்தேன். தரையில் போட்டேன். மொசைக் தரை. நீளமாகப் பாடியது. நல்ல வெள்ளி. வீட்டுக்காரர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டினேன், நிதானமாக, ஒரு முழுச் சுற்று.

"நல்ல ரூபாய்தான். என்னுது இல்ல. இதில வெட்டு இல்ல."

நீட்டினேன். என் உள்ளங்கையிலிருந்து ரூபாய் போனது. காலடிச் சத்தமும் போனது.

அதன் பிறகுதான் எனக்குப் பின்னால் மூச்சு விடும் சத்தம் கேட்டது. சங்கரன். எனக்கு உளுந்த வடை வாங்கிக்கொண்டு வந்தவன், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். வடையை மேசையில் வைத்தான். போய்விட்டான்.

மூன்று மணிக்கு ராஜமாணிக்கத்தின் மேசைகள் மூன்றும் காலி என்று மும்தாஜிடம் யாரோ சொன்னார்கள். எனக்கு ரூபாய் வரவில்லை. விற்றிருப்பார். பாப்பாவுக்கு எழுத வேண்டும்.

கால் வலி. பை நிறைய மங்குஸ்தான் வாங்கினார் இவர், யாருக்கென்று கேட்டதற்கு, "சும்மா."


ஜூலை 16, புதன்

மேகம், மழை இல்லை. காலையில் இடது கண்ணுக்கு நாள்காட்டித் தேதி தெரியவில்லை. போன வாரம் தெரிந்தது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நாளை சொல்வேன். இல்லை, இன்றே.

ஏற்றியது 22. மொத்தம் 263. விட்டுப்போன ஒரு சொல்லைக் கேட்டு குளிர் தேசத்திலிருந்து மெயில். தமிழ்ப் பதிப்பில் மொழிபெயர்த்தவர்கள் பெயராக யார் யாரைப் போடுவது என்றும் கேட்டிருக்கிறார். என் பெயரையும் மும்தாஜ் பெயரையும் ஊரோடு எழுதி அனுப்பினேன்.

மத்தியானம் சங்கரன் போன். மார்க்கெட் இரைச்சல், யாரோ ஏலம் கூவுகிறார்கள்.

"அக்கா."

"சொல்லு."

"அந்த எண்பத்தேழு. அது எப்பவும் அப்படியேதான் இருக்குமா?"

"இருக்கும்."

"அதுல என் பேரு இருக்கா?"

"இல்ல. கூட்டிட்டு வந்தவர்னு ஒரு கட்டம் அதில கிடையாது. அந்தக் குளிர் தேசத்துக்காரருக்கு எழுதிச் சேர்க்கச் சொல்லலாமான்னு யோசிக்கேன்."

சிரிப்பானா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. இரைச்சலிலிருந்து எங்கோ தள்ளிப் போய் நின்றுகொண்டான் போலிருக்கிறது, குரல் தெளிவாகக் கேட்டது.

"மச்சானுக்குத் தொண்டை கட்டிருச்சாமே. ஞாயித்துக்கிழமை கடை லீவு. நான் வந்து நோட்டு வாசிக்கட்டா?"

"ஒன்பது மணிக்கு வந்துரு. ஒழுங்கா வாசிக்கணும். வருஷத்தைத் தப்பா வாசிச்சே, எந்திரிச்சுப் போகச் சொல்லிருவேன்."

"சரிக்கா."

ரெண்டாவது நோட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.